செவலைக்குப் பூசிய கரி

விழிதியூர் பூவரச மரத்தடியில் நின்ற கன்றுகளை யாகப்பன் மூன்றாவது முறையாக எண்ணினார். நான்குதான். அதில் ஒன்று இருமிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குப் புதுச்சேரியிலிருந்து இயக்குநர் வந்துவிடுவார். சினை ஊசி போட்டுப் பிறந்த ஜெர்சிக் கலப்புக் கன்றுகள் இந்த ஊரில் மட்டும் இருபத்தேழு என்று அறிக்கை அனுப்பியது கால்நடை விரிவாக்க அலுவலர் யாகப்பன்தான். அத்தனையும் நிஜம். நாலு வருஷமாகச் சைக்கிள் மிதித்து வந்து ஊசி போட்டது அவர் கைதான். ஆனால் கண்ணில் காட்டாவிட்டால் யார் நம்புவார்கள்?

ஆந்திரப் பக்கம் தள்ளிக் கிடக்கும் ஏனாமில் ஓர் இடம் காலி. வேலை தெரியாதவனைத்தான் அங்கே தூக்கியடிப்பார்கள் என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

காலையில் மனைவி ஜெயமேரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஏனாமுன்னா நீங்க மட்டும் போங்க. டீச்சர் வேலைய விட்டுட்டு அங்க வந்து, தெலுங்குல நான் யாருகிட்ட சண்ட போடுறது?"

யாகப்பன் லோகாம்பாள் வீட்டுக்கு ஓடினார். ஊரிலேயே அழகான செவலைக் கன்று அவளுடையது. அது கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது.

"என்னா லோகாம்பா, கன்ன ஓட்டிட்டு வரலியா?"

"நல்லாருக்கே அய்யா! பொன்னாட்டம் இருக்கு. நாலு பேரு பாத்துக் கண்ணு வச்சா, நாளைக்கே காலப் பரப்பிடும்."

"அப்ப ஊருல ஒருத்தரும் வரமாட்டீங்களா?"

"நோஞ்சானா நாலு அனுப்பிருக்கோமுல்ல?"

யாகப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "கண்ணுதானே பயம்? மை வச்சுக் கூட்டியாங்க. நான் வேணாங்கல."

"நெசமாவா? அப்ப ஊருக்கே சொல்லிடுறேன்."

ஒன்பது மணிக்குக் கன்றுகள் வரத் தொடங்கின. யாகப்பன் நெஞ்சில் கை வைத்தார். "மாதாவே!"

பொட்டு இல்லை, பூச்சு. சட்டிக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூக்கிலிருந்து வால் வரை அப்பியிருந்தார்கள். ஜெர்சிச் செவலை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மரத்தடியில் நின்ற நான்குக்கும் பூசிவிட, இருபத்தேழும் எருமைக் கன்றுகள் போல நின்றன.

"என்னா கருப்பையன் இது?" முதல் கன்றை ஓட்டி வந்தவரிடம் கத்தினார்.

"நீங்கதானே அய்யா மை வைக்கச் சொன்னீங்க?"

"ஒரு பொட்டு போதாதா?"

"வர்றது பெரிய ஆபீசரு. பெரிய கண்ணால்ல இருக்கும்?"

"எல்லாத்தையும் வாய்க்காலுக்கு ஓட்டுங்க! தேயுங்க!"

தேய்த்தார்கள். எண்ணெய்க்கரி தண்ணீருக்கு அசைந்து கொடுக்கவில்லை. சவுக்காரம் வந்தது. தேய்த்த இடம் செவலை, தேய்க்காத இடம் கருப்பு. கால் மணி நேரத்தில் எருமைகள் வரிப்புலிகளாயின. பயந்த கன்றொன்று யாகப்பனை இடித்துத் தள்ள, வெள்ளைச் சட்டையும் வரிச்சட்டை ஆயிற்று.

ஜீப் வந்து நின்றது. இயக்குநர் இறங்கி, கன்றுகளைப் பார்த்தார். யாகப்பனைப் பார்த்தார்.

"இது என்ன இனம்?"

யாகப்பன் வாய் திறப்பதற்குள் லோகாம்பாள் முன்னால் வந்தாள்.

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னு நாங்கதாங்க பூசினோம். நாட்டுக் கன்னுக்கு யாரு இப்புடிப் பூசுறா? இது அய்யா தந்த கன்னு. புள்ளயாட்டம் வளக்கிறோம்."

இயக்குநர் கைக்குட்டையால் ஒரு கன்றின் நெற்றியைத் துடைத்தார். உள்ளே செவலை மின்னியது. ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தேழு.

"கண்ணுபடும்னு ஒளிச்சு வைக்கிற அளவுக்கு ஆசையா வளர்க்க வச்சிருக்கீங்களே, சபாஷ்!" கரி ஒட்டியிருந்த யாகப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, இளநீர் குடிக்க நாட்டாண்மை வீட்டுப் பக்கம் நடந்தார்.

யாகப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏனாம் போயே போச்சு! ஜெயமேரிக்கு என்ன பலகாரம் வாங்கிப் போகலாம் என்று யோசித்தபடி, ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டிரைவர் சேக் அலாவுதீனிடம் போனார்.

"அய்யாவுக்கு சந்தோசம்தானே?"

"சந்தோசமா? வாயெல்லாம் பல்லு சார்! போன வாரம் வேற ஊருல ஒருத்தரு ரெண்டே கன்னு காட்டுனாரு. 'இந்தாளு இங்கயே கெடக்கட்டும்'னுட்டு வந்துட்டாரு." அலாவுதீன் வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனாமுல ஒத்த ஊசிக் கன்னுகூடக் கெடயாதாம், அங்க அனுப்ப ஒங்களாட்டம் கெட்டிக்காரரத்தான் ஆறு மாசமாத் தேடிக்கிட்டிருந்தாரு!"