பதினேழாவது விதி

மனித மூளை வெறும் கணக்குப் போடும் இயந்திரம்தான் என்று வாத்தியார் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு கட்டிவிட்டார். கம்ப்யூட்டர் சென்டரில் பதினோரு வருஷமாகப் பாடம் நடத்துகிறவர். அவர் முடிவு கட்டினால் கட்டியதுதான், சொந்த வீட்டு வாசற்படி வரைக்கும்.

"உன் மூளையும் அப்படித்தான். உள்ள ஒண்ணு போனா வெளிய ஒண்ணு வரும். நடுவுல வெறும் விதி."

"என் தலைவிதிதான் எதிர்ல நிக்குதே!" என்றாள் மனைவி.

வாத்தியாரின் ஆராய்ச்சிக்கு வேறு காரணம் இருந்தது. சனிக்கிழமை கூட்டாளிகள் மூன்று நாள் கடலில் மீன் பிடிக்கப் போகிறார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவளுடைய "பார்க்கலாம்" என்ற ஒரே வார்த்தையில் அவர் பயணம் மூழ்கிப் போனது. இந்தத் தடவையும் போகாவிட்டால் மனுஷர் அழுதே விடுவார், பாவம்.

ரகசியமாக ஒரு நோட்டுப் போட்டார். அவள் யோசிக்கும் விதத்தைப் பதினேழு விதிகளில் அடக்கினார். அக்காவோடு போனில் பேசியிருந்தால் இரண்டு மணி நேரம் கிட்டே போகக் கூடாது. வீட்டு வேலை ஏதாவது முடிந்திருந்தால் நல்லது. பதினேழாவதுதான் உச்சம்: துணி மடிக்கும்போது பாட்டு முணுமுணுத்தால் கேட்டது கிடைக்கும்.

புதன்கிழமை பாத்திரம் தேய்த்தார். பாட்டு இல்லை. வியாழக்கிழமை மூன்று ஃபேனையும் துடைத்தார். தும்மல் வந்தது, பாட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை எல்லா ஜன்னலையும் கம்பி கம்பியாகத் துடைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவளிடமிருந்து மெல்ல ஒரு பாட்டு!

ஓடினார். "நாளைக்கு மீன் பிடிக்கப் போகட்டுமா? மூணே நாள்."

"தாராளமா போயிட்டு வாங்க."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டையே நீட்டிவிட்டார். "பாத்தியா! நீ யோசிக்கவே இல்ல. எல்லாம் விதி!"

அவள் நிதானமாகப் படித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். உள்ளே அவருடைய சட்டைகள், துண்டு, தைலம், தொப்பி.

"இதை எப்பக் கட்டின?"

"திங்கட்கிழமை. உங்க கூட்டாளியோட சம்சாரம் அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் வாயே திறக்கல?"

"ஏதாவது வேணும்னா நீங்களா வேலை செய்வீங்க. நான் பாடினா வேலையப் போட்டுட்டுக் கேக்க வந்துடுவீங்க. ஜன்னல் முடியட்டும்னு பாட்டை அடக்கி வெச்சிருந்தேன். தொண்டையே வலிக்குது."

வாத்தியார் நோட்டை மெதுவாக மூடினார். "அப்ப மூளை கணக்குப் போடற இயந்திரம்னு நான் சொன்னது?"

"அன்னிக்கு நம்பல, இப்ப நம்பறேன்," என்றாள் அவள், கடைசிச் சட்டையை மடித்தபடி. "ஆனா இந்த வீட்டுல ஒரு மூளைக்குத்தான் அது பொருந்துது."