கேனுக்கு ஒரு கும்பிடு

இனிமே தண்ணி தூக்க மாட்டேன்!

இந்தச் சபதத்தை நான் எங்க வெச்சு எடுத்தேன் தெரியுமா? ரெண்டாவது மாடித் திருப்பத்துல. தோள்ல தண்ணி கேன். கழுத்து ஒரு திசை, முதுகு ஒரு திசை, நாக்கு மூணாவது திசை. எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்குன்னு இடம் விட்டிருக்காங்க, அதுல சைக்கிள் நிக்குது. லாரிக்காரர் கேனைக் கீழ வாசல்ல தொப்புனு வெச்சுட்டு, "சா...ர், வந்தாச்சே...ய்!"னு ஒரு சத்தம் குடுப்பாரு. அந்தச் சத்தம் காதுல விழுந்தாலே என் இடுப்பு எலும்பு ஓடி ஒளிய இடம் தேடும்.

இதுல படிக்கட்டு வேற. எங்க கட்டடத்துல படியைக் கழுவித் துடைக்கறது வீட்டுக்கு வீடு முறை. அந்தந்த வாரம் அந்தந்த வீட்டு அம்மா. நான் கேனோட ஏறினா, துடைச்சுட்டு நிக்கறவங்க மாப்பைத் தூக்கிக்கிட்டு, "இப்பத்தான் துடைச்சேன், செருப்போட ஏறாதீங்க!"ம்பாங்க. கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல செருப்பைக் கழட்டிப் பாருங்க. சர்க்கஸ்ல வேலை கிடைக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். கொஞ்ச நாளா வீட்டுல ஒரு மர்மம்.

"ஏம்மா, முந்தாநாள்தானே கேன் கொண்டாந்தேன்?"

"தீந்துபோச்சுங்க."

"இருக்கறது நாம ரெண்டு பேரு. உள்ள ஒட்டகம் ஏதும் வளக்கறியா?"

"வெயிலுக்குத் தாகம் எடுக்குது."

"வெளிய மழை கொட்டுதும்மா!"

"மழையைப் பாத்தா இன்னும் எடுக்குது."

செருப்பை மாட்டிக்கிட்டுக் கீழ இறங்கினேன். ஏறும்போதுதான் அந்தச் சபதம். வீட்டுக்கு ஒரு ஆர்ஓ மெஷின் வாங்கிடணும். குழாயைத் திறந்தா நல்ல தண்ணி. கேனுக்கு ஒரு கும்பிடு!

வாங்கிடலாம். ஆனா வீட்டுக்காரிகிட்ட நேராக் கேக்க முடியாது. நான் எதைக் கேட்டாலும் அவ ஒரே வார்த்தைதான் சொல்லுவா. "எதுக்கு?" வார்த்தை சின்னது. அதுகூட இடது புருவம் ஒண்ணு மேல போகும் பாருங்க, அதுலயே ஆள் க்ளோஸ். கடைசியா நான் ஆசைப்பட்டு வாங்கினது, நின்ன இடத்துல நடக்கற மெஷின். இப்ப அதுல துண்டு காயுது. தினம் துண்டை எடுக்கும்போதெல்லாம், "உங்க மெஷின் நல்லா உழைக்குதுங்க"ன்னு ஒரு சர்ட்டிஃபிகேட் வேற.

அதனால திட்டம் போட்டேன். மெஷின் வேணும்னு நான் கேக்கக் கூடாது. அவளே பயந்து போய்க் கேக்கணும்!

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். சுவர் பூரா மெஷின். ஒண்ணுல தொட்டி வெளிய தெரியுது, ஒண்ணு சிங்க்குக்கு அடியில ஒளிஞ்சுக்குமாம். ஒண்ணுல தண்ணி புடிக்கும்போது நீலக் கலர்ல லைட் எரியுது. அய்யோ, அதைப் பாத்ததும் எனக்குக் கல்யாணப் பொண்ணைப் பாத்த மாதிரி ஆயிடுச்சு!

டை கட்டின ஒருத்தர் வந்தாரு. பேசும்போது அவர் கண்ணு ரெண்டும் வெளிய வந்து நம்ம தோள்ல உக்காந்துக்கும்.

"சார்! நீங்க குடிக்கறது தண்ணின்னா நெனைக்கறீங்க? விஷம் சார்! விஷ...ம்! இந்த மெஷினுக்குள்ள ஒரு சவ்வு இருக்கு. கண்ணுக்கே தெரியாத ஓட்டை. உப்பு போகாது, கிருமி போகாது, ஒரு தூசு தும்பு தாண்டாது!"

எதையும் தாண்ட விடாத மெஷின். ஏற்கெனவே வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுகூடத்தான் நான் குடித்தனம் பண்றேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

"என் சம்சாரம் பயப்படற மாதிரி ஏதாவது காட்ட முடியுமா?"

"டெமோ சார்! ரெண்டு டம்ளர் தண்ணியில கம்பியை விட்டு கரெண்டு குடுப்பேன். எங்க மெஷின் தண்ணி கம்முனு இருக்கும். உங்க தண்ணி சாக்கடை மாதிரி ஆயிடும். மேடம் அலறிடுவாங்க!"

"நாங்க குடிக்கறது கேன் தண்ணியாச்சே?"

டைக்காரர் முகம் சுருங்கிப்போச்சு. அக்கம் பக்கம் பாத்தாரு. என் காதுக்குள்ள வந்து பேசினாரு. "கேன் தண்ணி அவ்வளவா கலர் மாறாது சார். உப்பு இருந்தாத்தான் மாறும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. டம்ளர்ல முன்னாடியே ஒரு சிட்டிகை உப்பு போட்டு வெச்சுடுங்க. மீதிய என்கிட்ட விடுங்க."

ஆஹா! என்ன மூளை! அவர் கையைப் புடிச்சுக் குலுக்கினதுல அவர் டை கோணிக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை. டைக்காரர் பெட்டியோட வந்துட்டாரு. என் வீட்டுக்காரி ஹால்ல அவரை உக்கார வெச்சா. நான் சமையக்கட்டுக்குப் பறந்தேன். கேன்ல இருந்து ஒரு டம்ளர் தண்ணி புடிச்சேன். உப்பு ஜாடியைத் திறந்தேன். ஒரு சிட்டிகை போட்டேன். போதுமா? ஆர்வம் விடுமா? ஒரு கை அள்ளிப் போட்டேன். விரல்ல கலக்கினேன். திரும்பினா வாசப்படியில அவ.

"என்னங்க பண்றீங்க?"

"டெமோவுக்குத் தண்ணி புடிக்கறேன்மா."

"விரலை விட்டா புடிப்பீங்க?"

"சூடா இருக்கான்னு பாத்தேன்."

"கேன் தண்ணி சூடா?"

"அதான், இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே!"

அவ உப்பு ஜாடியைப் பாத்தா. மூடி தரையில கெடந்துச்சு. எடுத்து மூடினா. டம்ளரை என் கையில இருந்து வாங்கிக்கிட்டு ஹாலுக்கு வந்தா.

"பாவம், காலையில இருந்து குதிச்சுக்கிட்டே இருக்கீங்க. மூச்சு வாங்குது பாருங்க. முதல்ல நீங்க ஒரு வாய் தண்ணி குடிங்க."

டம்ளரை என் வாய்கிட்டயே கொண்டு வந்துட்டா.

நான் டைக்காரரைப் பாத்தேன். அவர் கூரையைப் பாத்தாரு.

"எனக்குத் தாகம் இல்லம்மா."

"ஏங்க? நம்ம வீட்டுத் தண்ணியில ஏதாவது இருக்கா?"

இருக்குன்னு சொன்னா யார் போட்டதுன்னு வரும். குடிச்சேன். கடலையே மொண்டு குடிச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி. காதுல புகை. நாக்கு செத்தே போச்சு.

"எப்படி இருக்கு?"

"தே... தேன் மாதிரி."

"அப்ப மிச்சம் வெக்காதீங்க."

மிச்சம் வெக்கல. அப்புறம் அவளே அந்த டம்ளரைக் கழுவி வெச்சுட்டு, புதுசா ரெண்டு டம்ளர் கொண்டாந்து வெச்சா. ஒண்ணுல கேன் தண்ணி. இன்னொண்ணுல டைக்காரர் பாட்டில்ல கொண்டாந்த மெஷின் தண்ணி. கம்பியை விட்டாரு, சுவிட்சைப் போட்டாரு. ரெண்டும் சொல்லி வெச்ச மாதிரி கம்முனு நின்னுச்சு. டைக்காரர் நெத்தியில மட்டும் தண்ணி ஊறுச்சு.

"இருங்க தம்பி"ன்னு என் வீட்டுக்காரி உள்ள போய் உப்பு ஜாடியையே கொண்டாந்தா. மெஷின் தண்ணி டம்ளர்ல ஒரு சிட்டிகை போட்டா. "இப்பப் போடுங்க சுவிட்சை."

போட்டாரு. கொஞ்ச நேரத்துல மெஷின் தண்ணி மஞ்சளாச்சு, பழுப்பாச்சு, மேல நொரை கட்டிக்கிட்டு நிஜமாவே சாக்கடையாயிடுச்சு.

"அய்யய்யோ! உங்க மெஷின் தண்ணியிலயா இவ்வளவு அழுக்கு?"

டைக்காரர் டையை லூஸ் பண்ணினாரு. "மேடம்... உங்களுக்கு இது எப்படி..."

"எங்க அக்கா வீட்டுலயும் ஒருத்தர் வந்து இந்த வித்தையைக் காட்டினாரு. கம்பி கரையற கலர் அது, அழுக்கு இல்ல. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

முடிஞ்சுது கதைன்னு நெனைச்சேன். ஆயுசு பூரா கேன். என் இடுப்பு மௌனமா அழுதுச்சு. அப்பத்தான் அந்த அதிசயம் நடந்துச்சு.

"சரி, வாங்கிக்கலாம்"னா.

"என்னது?"

"மெஷின் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? நம்ம குழாய்த் தண்ணி உப்பு. அதுக்கு மெஷின் வேணும்தான். ஆனா அந்த நீல லைட் எல்லாம் வேணாம். பெரிய தொட்டி, சாதா மாடல். தம்பி, ஃபிட்டிங் உங்க செலவு. மாத்தறதுக்கு ஒரு செட்டு ஃபில்டரும் சேத்துக் குடுத்துடுங்க. உப்புக் கதையை நான் உங்க முதலாளிகிட்ட சொல்லல."

"குடுத்துடறேன் மேடம்!" டைக்காரர் எந்திரிச்சே நின்னுட்டாரு.

"ஆனா உங்களுக்கு ஒரு கண்டிஷன்"னு என் பக்கம் திரும்பினா. "இந்த மெஷின் சம்பந்தமா என்ன வேலை வந்தாலும் உங்க பொறுப்பு. என்னைக் கூப்பிடக் கூடாது."

வேலையா? பட்டனை அமுக்கணும், டம்ளரைப் புடிக்கணும், வேற என்ன வேலை? நான் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். "மெஷின் விஷயத்துல ஒரு துரும்பைக்கூட நீ நகத்த வேணாம்மா! இந்தத் தம்பி சாட்சி!"

டைக்காரர் வேகமாத் தலையாட்டினாரு. அவருக்கு வெளிய போனாப் போதும்.

மறுநாளே மெஷின் வந்துடுச்சு. சமையக்கட்டுச் சுவத்துல மாட்டினாங்க. முதல் டம்ளர் தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு நான் ஒரு சுத்து ஆடினேன். காலி கேன் எல்லாத்தையும் கூப்பிட்டு வரிசையா நிக்க வெச்சு, "போய் வாங்கடா, மவராசனுங்களா"ன்னு ஒரு பெரிய கும்பிடு போட்டேன். ஆடி முடிச்சுப் பாத்தா, ஃபிட்டிங் பண்ண வந்தவர் மெஷின்ல இருந்து ஒரு கறுப்புக் குழாயை இழுத்து ஒரு பக்கெட்டுல விட்டுக்கிட்டு இருக்காரு. அதுல இருந்து தண்ணி சலசலன்னு ஊத்துது.

"லீக் ஆகுதுங்க!"

"லீக் இல்ல சார், வேஸ்ட் தண்ணி. உப்பைப் பிரிச்சு இதுல தள்ளும். நல்ல தண்ணியைவிட இது ஜாஸ்தி வரும். சிங்க்குல விடறேன்னுதான் சொன்னேன், அம்மா பக்கெட்டுன்னு சொல்லிட்டாங்க."

அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு இருமல். கீழ் வீட்டு மோட்டார் மாமா. கட்டடத்து மோட்டார் சாவி அவர்கிட்டதான் இருக்கும். அந்த மோட்டார்கூடவே பழகிப் பழகி அவர் தொண்டையும் மோட்டார் ஆயிடுச்சு. ரெண்டு தடவை கொர்ர், கொர்ர்னு இருமினாத்தான் பேச்சு ஸ்டார்ட் ஆகும்.

"கொர்ர்... கொர்ர்ர்... யாருப்பா மெஷின் மாட்டறது? தண்ணியைப் பாதிக்கு மேல சாக்கடைக்கு விடற மெஷினை நான் ஒத்துக்க முடியாது! மேல் டேங்க் எல்லாருக்கும் பொது! கொர்ர்ர்..."

நான் திருதிருன்னு முழிச்சேன். என் வீட்டுக்காரி முந்திக்கிட்டா.

"மாமா, ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகாது. நான்தான் எல்லா வீட்டுலயும் பொம்பளைங்ககிட்ட சொல்லியாச்சே. இந்தத் தண்ணி மொத்தமும் நம்ம படிக்கட்டுக்கு. இனிமே யாரும் முறை வெச்சுக் கழுவ வேணாம். தினம் எங்க வீடே கழுவிடும்."

மோட்டார் டக்குனு நின்னுச்சு. "அடடே! அப்படின்னா சரிம்மா! நல்ல மனசு! யாரு, நீயா கழுவப்போற?"

"மெஷின் வேலை எல்லாம் அவர் பொறுப்பு மாமா. சாட்சி இருக்கு."

மாமா என் தோளைத் தட்டினாரு. கேன் வெச்சு வெச்சுக் காய்ச்சுப்போன அதே தோள். தட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே இறங்கிப்போனாரு. கீழ எந்தெந்த வீட்டுலயோ பொம்பளைங்க கை தட்டற சத்தம் கேட்டுச்சு. இந்த மாசம் முறை இருந்தவங்களா இருக்கும்.

நான் அவளைப் பாத்தேன்.

"எல்லா வீட்டுலயும் சொல்லியாச்சா? எப்பச் சொன்ன?"

"அக்கா வீட்டுல மெஷினைப் பாத்துட்டு வந்த அன்னிக்கே."

"அப்ப உனக்கும் மெஷின் வேணுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் கேட்டா நீங்க கேன் போதும்னிருப்பீங்க. அப்படியே வாங்கினாலும் படி கழுவற வேலை என் தலையில விழும். அதான் நீங்களாக் கேக்கட்டும்னு அரிசி கழுவ, பாத்திரம் அலச, செடிக்கு ஊத்த எல்லாத்துக்கும் கேன் தண்ணியையே எடுத்தேன். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நீங்க வேற சீக்கிரம் மெஷின் பக்கம் திரும்பவே இல்ல."

ஒட்டகம் வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கு. நான்தான் தீனி போட்டு வளத்திருக்கேன்.

எனக்கே தண்ணி காட்டிட்டா. அதுவும் வடிகட்டின தண்ணி.

இப்ப தினமும் நான் பக்கெட்டும் மாப்புமா மேல இருந்து கீழ வரைக்கும் இறங்கறேன். ஒவ்வொரு படியா. நேத்து ரெண்டாவது மாடித் திருப்பம், நான் சபதம் எடுத்த அதே இடம். துடைச்சு நிமிர்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தாரு. ஈரப்படி பூரா அவர் செருப்புத் தடம்.

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க!" அவர் பொருமினாரு. "கேன் தூக்கற கவலையே இல்ல பாருங்க!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள மேல இருந்து தேன் மாதிரி ஒரு குரல்.

"என்னங்க... அடுத்த பக்கெட்டு ரொம்பிடுச்சு!"