முருகனுக்கு அரை டிக்கெட்

உ
முருகன் துணை

விஜயநகர், மைசூர்
9-2-1996, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி பழனிமுத்துவுக்கு அக்கா பாக்கியலட்சுமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். மாமாவின் வலது முழங்காலை மட்டும் இந்தச் சௌக்கியத்தில் சேர்க்க வேண்டாம். சத்தியமங்கலத்தில் நீயும் ரங்கம்மாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். விஷயம் இன்லண்டில் அடங்காது என்று கவர் வாங்கியிருக்கிறேன். அந்தச் செலவை நோட்டில் உன் பெயருக்கு நேரே எழுதியாகிவிட்டது. எல்லாம் உன்னால் வந்ததுதானே.

போன மாதம் நீ ஒரு நோட்டீசை மடித்து அனுப்பினாய். "மைசூரிலிருந்து அறுபடை வீடு யாத்திரை, ஐந்து நாள், சாப்பாடு உட்பட ஆளுக்கு 690 ரூபாய் மட்டுமே" என்று அச்சடித்திருந்தது. ஓரத்தில், "அக்கா, இதைவிட மலிவு கிடைக்காது. உடனே பதிவு செய். வண்டி சத்தி வழியாகத்தான் போகிறது, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிந்துவிடு" என்று உன் கையெழுத்து. நீ மலிவு என்று எழுதினாலே நான் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொள்வேன். நீ மலிவாக வாங்கித் தந்த குக்கர் இதுவரை விசில் அடித்ததில்லை, நான்தான் பக்கத்தில் நின்று நிமிஷம் எண்ணுகிறேன். இருந்தாலும் இந்த நோட்டீசைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எங்கள் பூஜை அறையில் இருக்கிற முருகனை உனக்குத் தெரியும், ஒரு சாண் உயரம், இரண்டரைக் கிலோ. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மாமா பழனியில் வாங்கி வந்த அன்றே, "உன் ஆறு வீட்டுக்கும் உன்னை ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுகிறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வருஷம் போனால் மாமாவின் முழங்கால் எந்தக் கோயில் படியும் ஏறாது. அதனால் தபால் ஆபீஸில் சேர்த்திருந்த ஆயிரத்து எண்ணூறை எடுத்துக்கொண்டு நேற்று கிளம்பினோம்.

டிராவல்ஸ் ஆபீஸ் அக்ரஹாரத்தில் ஊதுபத்திக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. முதலாளி பெயர் சித்தையன், கொள்ளேகால் பக்கத்து ஆள், நல்ல மரியாதை தெரிந்தவர். "வாங்கம்மா, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாற்காலிக்குக் காசு கேட்கவில்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். மற்றதற்கெல்லாம் கேட்டார். முதலில் இருநூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்துக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் என்றார். நோட்டீசில் போடவில்லையே என்றேன். "நோட்டீசு வேறங்கம்மா, படிவம் வேற" என்றார். பிறகு, வண்டி தமிழ்நாட்டுக்குள் நுழைய பர்மிட் வரி ஆளுக்கு நாற்பத்தைந்து. மாமா சும்மா இருப்பாரா. "ஏங்க, ஆறு வீடும் தமிழ்நாட்டுலதானே இருக்குது? அப்போ 690 ரூபா எதுவரைக்கும்?" என்று கேட்டார். "பார்டர் வரைக்கும்னு வெச்சுக்கங்க ஸார்" என்று சித்தையன் முகம் மாறாமல் சொன்னார். வீடியோவுக்கு இருபத்தைந்து. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், எனக்கு வேண்டாம் என்றேன். "காதுல விழுமேம்மா" என்று அதையும் எழுதிக்கொண்டார். மாமாவின் காலை நீட்ட முன்சீட்டு வேண்டும், அதற்கு நாற்பது, பக்கத்தில் உட்காருகிற எனக்கும் நாற்பது. "நான் காலை மடக்கித்தான் உக்காருவேன், என் நாற்பதைக் கழிச்சிடுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். "நீங்க மடக்கினாலும் இடம் நீட்டித்தானேம்மா கிடக்குது" என்றார். டிரைவர் படி ஆளுக்கு இருபது. கால்குலேட்டரை அவர் தட்டி முடிப்பதற்குள் நான் "ஆயிரத்து அறுநூற்றைம்பது" என்று சொல்லிவிட்டேன். நாலாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கூட்டல் என்னை ஏமாற்றாது. மீதி நூற்றைம்பது. ஆறு கோயில் உண்டியலுக்கு இருபத்தைந்து இருபத்தைந்தாகப் போட்டால் கணக்கு நேராகிவிடும், முருகனே போட்டுக் கொடுத்த கணக்கு என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் சித்தையன், "லக்கேஜ் எத்தனைம்மா?" என்றார். ஒரு பெட்டி, ஒரு பை, அப்புறம் முருகன் என்றேன். கண்ணாடி வைத்த மரப்பெட்டியில் வருவான் என்றும் விளக்கினேன். "பெட்டின்னா லக்கேஜுதான். மேல கேரியர்ல போயிரும், இருபது ரூபா." மேலே வேறென்ன போகும் என்று கேட்டேன். சமையல் அடுப்பு, சிலிண்டர், வெங்காய மூட்டை என்றார்.  "வெங்காய மூட்டை பக்கத்துல சாமியைப் போட்டுத் தார்ப்பாயில மூடுவீங்களா? அவன் எங்க வீட்டுப் பிள்ளைங்க, லக்கேஜு இல்லை" என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "பிள்ளைன்னா ஆளு. ஆளுன்னா அரை டிக்கெட், முன்னூத்தி நாப்பத்தஞ்சு" என்றார். தன் வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு டிக்கெட்டா என்று கேட்டேன். "ரிஜிஸ்டர்ல ஆளு, லக்கேஜு, ரெண்டே கட்டம்தாங்கம்மா இருக்குது. மூணாவது கோடு எங்கப்பா காலத்துலயே யாரும் போடலை" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான், இரண்டே கட்டம்தான் இருந்தது. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். மடியில் வைப்பது மூன்று வயதுக்குள் இருந்தால்தான், அதற்குக் காசில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வயசுன்னு போட்டுக்கட்டுங்களா?" என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனசுதான். ஆனால் முருகனைப் பார்க்கப் போகிற வழியில் முருகனுடைய வயதையே பொய்யாக எழுதினால் அந்த யாத்திரை எந்தக் கணக்கில் சேரும்? நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தகப்பனுக்கே பாடம் சொன்னவரு, ரெண்டு வயசுலயா சொல்லியிருப்பாரு, நீயே யோசி பாக்கியம்" என்றார். உண்டியல் காசைத் தொட்டாலும் அரை டிக்கெட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து குறைகிறது. முருகனை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய் அவன் வீட்டைப் பார்ப்பதா? கேன்சல் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கேன்சலுக்கு அட்வான்சில் பாதி பிடித்தம் என்றார். நூறு ரூபாய் போயிற்று. நீங்கள் சத்தியில் ஏறுவதானால் வண்டியை நிறுத்துவதற்கு ஆளுக்குப் பத்து ரூபாய் தனி என்பதையும் வாசல் வரை வந்து சொன்னார். நல்லவேளை, உங்களுக்கு நான் ஒன்றும் கட்டவில்லை.

இன்று காலை பால் வைக்கும்போது முருகன் முகத்தைப் பார்க்கவில்லை.  மாமா, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வாசலில் மூன்று படியை இறங்குவதும் ஏறுவதுமாக முழங்காலைச் சோதித்துக்கொண்டிருந்தார். எட்டுத் தடவை. நான் கோலமாவு டப்பாவைத் தேடுவது போல உள்ளே போய்விட்டேன்.

ஆகவே தம்பி, நாங்கள் போகவில்லை. நீங்களும் இந்த வண்டியில் ஏற வேண்டாம். மலிவு என்று இனி எந்த நோட்டீசு வந்தாலும் அங்கேயே அடுப்பில் போட்டு வெந்நீர் வைத்துக்கொள், அதில்தான் லாபம். ரங்கம்மாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லோரும் குறையொன்றுமில்லாமல் நூறு வயது இருக்க எங்கள் முருகன் அருள்வான், அதற்குத் தனியாக எதுவும் கேட்க மாட்டான்.

இப்படிக்கு,
அக்கா பாக்கியலட்சுமி

பின்குறிப்பு, 14-2-96, புதன்: இந்தக் கடிதம் ஐந்து நாளாக மாமாவின் சட்டைப் பையிலேயே கிடந்திருக்கிறது. நல்லதாகப் போயிற்று. சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கவர், பதமாகப் பிரிந்துவிட்டது. நேற்று செவ்வாய்க்கிழமை பஜனைக்கு வழக்கம்போல் எங்கள் வீட்டுக்குப் பதினாலு பெண்கள் வந்தார்கள். அத்தனை பேரும் அதே வண்டியில்தான் பதிந்திருக்கிறார்கள். முருகன் வரவில்லை என்றேன், ஏன் என்று கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். வேறொன்றும் நான் சொல்லவில்லை. இன்று காலை சித்தையன் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். "என்னம்மா பண்ணீட்டீங்க, முருகன் வராத வண்டி எங்களுக்கெதுக்குன்னு பதினாலு சீட்டும் கேன்சல்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் பூஜை அறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டிரைவருக்கு முன்னாடி ஒரு பலகை இருக்குதுங்கம்மா, இப்போ வெறும் படம்தான் வெச்சிருக்கோம். இவரை அங்க வெச்சுட்டா வண்டிச் சாமி. ஆளும் இல்லை, லக்கேஜும் இல்லை, ரிஜிஸ்டருக்கே வர வேண்டாம். ஆனா காலையும் சாயந்திரமும் நீங்களே பூசை பண்ணிரணும்" என்றார்.

பூசை சும்மா ஆகுமா தம்பி? நோட்டை எடுத்தேன். ஐந்து நாளைக்குப் பூ நாற்பது, கற்பூரமும் நெய்யும் இருபத்தைந்து, பால் பதினைந்து, பூசாரி படி நாளுக்குப் பத்து வீதம் ஐம்பது. சாமிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவளும் அவள் வீட்டுக்காரரும் முன்சீட்டில்தானே உட்கார முடியும், அதனால் அந்த எண்பதும் கழிவு. ஆக இருநூற்றுப் பத்து. "படி எதுக்கும்மா?" என்றார். "டிரைவருக்கு உண்டுன்னா பூசாரிக்கு இல்லீங்களா?" என்றேன். இரண்டு தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க டிராவல்ஸ் வெச்சிருக்கணும்மா" என்று ஒத்துக்கொண்டார். அட்வான்சில் பிடித்த நூறும் வந்துவிட்டது. உனக்கும் ரங்கம்மாவுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இருபத்து நான்காம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சத்தி பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். வண்டியில் ஏறியதும் ஆளுக்கு ஐந்து ரூபாய் தீபாராதனைக் கட்டணம், அது உண்டியலில் சேரும், பதினாலு பேரும் திரும்பப் பதிந்து இப்போதே கட்டிவிட்டார்கள். தம்பி என்று சலுகை கிடையாது, சில்லறையாகக் கொண்டு வா.