ஓடுகிற மோட்டாருக்கு ஓர் ஆட்சேபம்

ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அதன் போக்கில் ஓடவிட மாட்டாத ஓர் இனம் நம் நடுவே உண்டு. சீர்திருத்திகள் என்று அவர்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். சமூகத்தைத் திருத்த வந்த பெரியவர்களோடு இவர்களைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அவர்கள் கெட்டுப்போனதைத் திருத்த வந்தவர்கள். இவர்களுக்குக் கெட்டுப்போனதில் அக்கறையே கிடையாது. சொந்த வீட்டில் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கும் குழாயை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒழுங்காக நடக்கிற ஒன்றைக் கண்டால்தான் இவர்களுக்குக் கை பரபரக்கும்.

கல்யாண வீட்டில், "சாம்பார் வாளி அந்தப் பக்கமிருந்து வந்தா நாலு நிமிஷம் மிச்சம்" என்று பரிமாறுகிறவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, சாம்பாரும் ரசமும் நடுவழியில் முட்டிக்கொண்டு நிற்க, முதல் வரிசைக்குச் சோறு வருமுன் மோர் வந்து சேரும்படி செய்கிறவர் யார்? இவர்தான். உங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்து, உங்கள் கைப்பேசியை வாங்கி, எழுத்தின் அளவை மாற்றி, மணியோசையை மாற்றி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற படங்களையெல்லாம் இடம் மாற்றிவைத்து, "இப்பம் பாருங்க" என்று திருப்பித் தருகிறவர் யார்? அவரும் இவர்தான். "ரொம்ப சிம்பிள்" என்று தொடங்குவார். "ஒரே ஒரு சின்ன மாற்றம்" என்று தொடர்வார். "இது ஏன் யாருக்குமே தோணல?" என்று முடிப்பார். ஏன் தோன்றவில்லை? அவரவருக்கு வேலை இருந்தது.

முந்தைய தலைமுறைச் சீர்திருத்திகளிடம் சணல் கயிறும் பழைய சைக்கிள் டியூபும்தான் இருந்தன. சேதம் ஒரு வீட்டோடு நின்றது. இன்றைய சீர்திருத்தியிடம் இணையம் இருக்கிறது.

சீவலப்பேரிக்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளி இருக்கிற மாரிசெல்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குச் சொந்த ஊரில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். தங்கமான பிள்ளை. யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக ஓடுவான். சிக்கலே அதுதான்.

ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் அவன் குடும்பத்து நிலம் மேட்டில் கிடக்கிறது. கால்வாய்த் தண்ணீர் ஏறாது. ஆகவே ஒரு கிணறு, அதில் ஒரு மோட்டார், அதற்கு நாலு பங்கு. பெரியப்பா மகன் சுடலைக்கண்ணுவுக்கு ஒன்று. அவருடைய தம்பி இசக்கியப்பனுக்கு ஒன்று. அவர் மஸ்கட்டில் இருப்பதால் அவர் நிலத்தையும் அண்ணனே பார்த்துக்கொள்கிறார். மாரிசெல்வத்தின் கூடப்பிறந்த அக்கா முத்துராணிக்கு ஒன்று. மிச்சம் ஒன்று இவனுக்கு.

இந்த நாலு பங்குக்கும் தண்ணீர் முறை எப்படி நடந்தது தெரியுமா? மோட்டார் ரூமில் ஒரு பியூஸ் கட்டை. அது இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. அன்றைக்கு யார் முறையோ அவர் கையில் அது இருக்கும். முறை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய் அடுத்தவர் வீட்டில் கொடுக்க வேண்டும். கொடுக்கிற நேரத்தில் தவறாமல் ஒரு சண்டை நடக்கும்.

"நேத்து அரை மணிக்கூறு கூட ஓட்டிட்டிய அண்ணே" என்பாள் முத்துராணி சுடலைக்கண்ணுவிடம்.

"நடுவுல கரண்டு போச்சுல்லா? அத யாரு முறையில வைக்க? ஒங்க அப்பன் முறையிலயா?"

"எங்க அப்பன எதுக்கு இழுக்கிய?"

சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்கும். தொண்டை வறண்டதும் முத்துராணி காப்பி கொண்டுவந்து வைப்பாள். சுடலைக்கண்ணு குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். தண்ணீர் பாயும். அப்பாக்கள் காலத்திலிருந்தே இப்படித்தான். மாரிசெல்வம் சண்டையைப் பார்த்தான். தண்ணீர் பாய்ந்ததைப் பார்க்கவில்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் இணையத்தில் ஒரு கருத்தரங்கு கேட்டான். கருவிகள் தாங்களே அளந்து தாங்களே சொல்லுமாம். சொன்னதை பிளாக்செயின் என்கிற சங்கிலி எழுதிக்கொள்ளுமாம். அந்த எழுத்து ஒருவர் வீட்டில் இருக்காது, எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே எவராலும் அடித்துத் திருத்த முடியாதாம். மாரிசெல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவும் அண்ணனும் இனி வாழ்நாளில் சண்டை போட வேண்டியதில்லையே! அவன் ஆசை உண்மையான ஆசை. அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

மறுமாதமே கருவிகள் வந்து இறங்கின. மோட்டார் ரூம் வாசலில் எல்லோரையும் கூட்டினான்.

"இது வயல்ல ஈரத்தப் பாக்குத சென்சார். இது குழாயில எம்புட்டுத் தண்ணி போவுதுன்னு பாக்குத மீட்டர். நிமிஷத்துக்கு நிமிஷம் பதிஞ்சிரும். ஒருத்தரும் மாத்த முடியாது. நானே நெனச்சாலும் முடியாது!"

"ஒங்களாலயே முடியாதுங்கத வேற பெருமையாச் சொல்லுதிய" என்றாள் அவன் மனைவி தேன்மொழி.

"ஆனா ஒண்ணு. நிமிஷத்துக்கு ஒரு தடவ மெயின் செயின்ல போய் எழுதுனா அது தாங்காது, செலவும் சாஸ்தி. அதனால லேயர் டூன்னு பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கேன். இப்பம் நம்ம ஊர்ல இருந்து ஆளுக்கொரு பஸ் எடுத்துட்டு ஜங்ஷனுக்குப் போனா அங்கன எடம் இருக்குமா? எல்லாரையும் ஒரே டவுன் பஸ்ல ஏத்தி அனுப்புதோம்லா. அதேதான். பதிவையெல்லாம் கட்டாக் கட்டி ஒரே நடையா அனுப்பிரும்."

"அந்த பஸ்ஸு நேரத்துக்கு வராதே தம்பி" என்றார் சுடலைக்கண்ணு.

அவர் கேலியைத் தள்ளிவிட்டு மாரிசெல்வம் முக்கியமான இடத்துக்கு வந்தான். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரிக்க மாட்டார்களாம். எல்லோரும் உண்மையே சொல்கிறார்கள் என்று நம்பி ஏற்றிக்கொள்வார்களாம். சந்தேகம் இருக்கிறவர் ஏழு நாளைக்குள் கைப்பேசியில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கி ஆட்சேபம் சொல்லலாம். சொல்லிவிட்டால், அவரே திரும்ப வாங்கிக்கொள்ளும் வரை, அல்லது ஏழு நாள் கழியும் வரை, மோட்டார் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஏற்பாட்டில் ஆட்சேபம் சொல்கிறவர் பொதுவாக ஒரு பிணைத்தொகை வைக்க வேண்டும். வீண் ஆட்சேபமாக இருந்தால் அது திரும்பி வராது. மாரிசெல்வத்துக்கு அது தெரியும். ஆனால் பெரியப்பா மகனிடம் போய்ப் பிணை கேட்பதா? கூடப்பிறந்த அக்காவிடம் கேட்பதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? உலகத்துத் தொழில்நுட்பம் அத்தனையையும் கரைத்துக் குடித்தவன், உறவுமுறைக்கு மரியாதை வைத்து அந்த ஒரு வரியை அழித்தான்.

முதல் ஆட்சேபம் சுடலைக்கண்ணுவிடமிருந்து வந்தது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதுவரை ஆட்சேபிக்க வேண்டுமானால் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து, அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டியிருந்தது. இப்போது கட்டிலில் படுத்தபடி ஒரு விரலால் முடிகிறது. யாருக்குத்தான் ஆசை வராது? பதிலுக்கு முத்துராணி ஒன்று போட்டாள். தன் வயல் காய்ந்து கிடக்கிறது என்று காட்டுவதற்காக சுடலைக்கண்ணு சென்சாரைப் பிடுங்கி வரப்பில் வெயில்படக் கிடத்தினார். சேற்று வயல் பாலைவனமாகப் பதிவாயிற்று. யாராலும் மாற்ற முடியாதபடி பதிவாயிற்று. சங்கிலி பொய் சொல்லாதுதான். கருவியைக் காயப்போடுகிற அண்ணன்மாரைப் பற்றிக் கருத்தரங்கில் எவரும் பேசவில்லை.

இதற்கு நடுவில் மஸ்கட்டிலிருந்து நாள் தவறாமல் ஓர் ஆட்சேபம் வர ஆரம்பித்தது. மாரிசெல்வம் இசக்கியப்பனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நீங்க கண்ணால பாக்காத தண்ணிக்கு என்ன ஆட்சேபம்?"

"சும்மாதாம்லே."

"சும்மாவா?"

"எனக்கும் பங்கு உண்டுன்னு தெரியாண்டாமா? ஊர்ல எந்தக் காரியத்துக்கு என்னயக் கேக்கிய? இத அமுக்குனா அங்கன மோட்டாரு நிக்குதுல்லா. இங்கன இருந்துக்கிட்டே நம்ம கெணத்தத் தொட்ட மாதிரி இருக்குலே."

மாரிசெல்வம் போனை வைத்தான்.

மோட்டார் பூட்டியது பூட்டியபடி கிடந்தது. ஒரு ஆட்சேபத்தின் கெடு முடிவதற்குள் இன்னொன்று விழுந்தது. வெளியே ஆடிக் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. முத்துராணி அந்த வருஷம் முழுதும் நம்பியிருந்தது தன் வயலில் நின்ற ஏத்தன் வாழையைத்தான். ஓணத்துக்குக் கேரளத்து வியாபாரிகள் வந்து வெட்டிக்கொண்டு போகிற நேந்திரன் அது. தார் தள்ளி, காய் திரளுகிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் காய் விரல் பருமனோடு நின்றுவிடும். பிறகு ஆற்றையே திருப்பிவிட்டாலும் திரளாது.

அவள் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. அதுவே மாரிசெல்வத்துக்குப் பயமாக இருந்தது.

"ஏலே மாரி, எலையெல்லாம் மடங்கிப் போச்சு. கடைசி வரிசையில ரெண்டு வாழை தாரோட ஒடிஞ்சு விழுந்துட்டு."

"ஒரு வாரம் பொறுத்துக்கிடுக்கா. கெடு முடிஞ்சிரும். அதுக்குள்ள யாரும் புதுசா ஆட்சேபிக்கலைன்னா…"

"நான் பொறுப்பேன். வாழை பொறுக்குமால?"

"என்னால ஒண்ணும் செய்ய முடியாதுக்கா. நான் நெனச்சாலும்…"

"நீதான மாட்டுன?"

கருவியின் வயரைப் பிடுங்கி மோட்டாருக்கு நேராகக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. மாரிசெல்வத்துக்கு அது தோன்றாமலில்லை. அக்கா போன பிறகு மோட்டார் ரூம் வரைக்கும் போனான். கருவியில் பச்சை விளக்கு அழகாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நிமிடம்கூட விடுபடாத பதிவு. அதை முதலில் அறுக்கிறவன் தானாக இருப்பதா? கை போக மறுத்தது. தூக்கி வளர்த்த அக்காவின் வாழையைவிட அந்தப் பச்சை விளக்கு தனக்குப் பெரிதாகிவிட்டதை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு வீட்டுக்குத் திரும்பி, மற்ற மூன்று பங்குதாரர்களுக்கும் ஆட்சேபங்களைத் திரும்ப வாங்கும்படி பணிவான செய்தி ஒன்று அனுப்பினான். அந்தச் செய்திக்கும் மஸ்கட்டிலிருந்து ஓர் ஆட்சேபம் வந்தது.

மறுநாள் காலையில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

மாரிசெல்வம் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடினான். மோட்டார் ரூமில் சுடலைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். கையில் கட்டிங் பிளேயர். பச்சை விளக்குக் கருவி மூலையில் கிடந்தது. தண்ணீர் முத்துராணியின் வாழைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே! என்ன செஞ்சிட்டிய? நீங்கதான ஆட்சேபம் போட்டிய?"

"போட்டேன். இப்பமும் போடுதேன். அவ போன மாசம் கூடுதலாத்தான் ஓட்டுனா."

"பெறகு நீங்களே தொறந்து விட்டா எப்படி?"

சுடலைக்கண்ணு அவனைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏலே, ஆட்சேபம்னா தண்ணிய நிறுத்துன்னா அர்த்தம்? வந்து பேசுன்னு அர்த்தம். நானும் அமுக்கி அமுக்கிப் பாக்கேன், ஒருத்தியும் வந்து நாலு வார்த்த ஏசக் காணோம். வீட்டுல இருந்து அவளும் அமுக்குதா. காப்பி குடிச்சு எத்தன நாளாச்சு தெரியுமால ஒனக்கு?"

மாரிசெல்வம் வெளியே போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். வாழைக்குள்ளிருந்து மண்வெட்டியோடு வந்த முத்துராணி, "நேத்தும் அரை மணிக்கூறு எம் முறையில நீங்கதான ஓட்டுனிய?" என்று ஆரம்பித்தாள். நேற்று மோட்டாரே ஓடவில்லை. சுடலைக்கண்ணு அதைச் சொல்லவில்லை. "ஆமா, ஓட்டுனேன், இப்பம் அதுக்கு என்னா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உற்சாகமாக இறங்கினார்.

வாழையில் இரண்டு வரிசை தேறவில்லை. மற்றது தேறியது; ஓணத்துக்கு வெட்டும் ஆயிற்று. மோட்டார் ஓடிய அன்றும் முத்துராணி தம்பியைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒனக்கு நல்ல மனசுதாம்லே. அதத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட மட்டும் வந்துராத" என்றாள். அது அவனுக்குச் சரியாகவே வலித்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் யாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பார்க்காமல் இருந்தான். எட்டாம் நாள், அக்கா வாழைக்கு முட்டுக்கம்பு கொடுத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், "எக்கா, அந்தக் கம்புல ஒரே ஒரு சின்ன சென்சார் வச்சா, சாய முந்தியே…" என்றான். முத்துராணி கம்பைக் கீழே போடாமலே அவன் பக்கம் திரும்பினாள். அவன் ஓடினான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பக்கத்தில் யாருமில்லை, உண்மையைச் சொல்லலாம். அந்த வாழை காய்ந்துகொண்டிருந்தபோது, "ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு ஆட்சேபம்தான் என்று வரம்பு வைத்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்குமே" என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியது என்றால், ஐயா, அம்மா, தயவுசெய்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். வீட்டில் ஏதோ ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்; அதற்குள் வீட்டில் இருப்பவர்கள் அதை உங்களிடமிருந்து பத்திரப்படுத்தட்டும்.