நான்கு கைகளும் ஒரு துண்டும்

ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாட வைக்கும் மகத்தான கலை, 1974ஆம் ஆண்டு, தூத்துக்குடிக் கடற்கரைப் பூங்காவில், ஒரு கமிட்டியால் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் இதற்கு ‘ஹிப்-ஹாப்’ என்று பெயர் வைத்து, தாங்கள்தான் தொடங்கினோம் என்கிறார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்களிடம் கமிட்டி இருந்ததா?

எங்களிடம் இருந்தது. ‘வர்த்தகர் நற்பணி மன்றப் பூங்கா ஒலிபரப்பு உபகமிட்டி.’ தலைவர், சங்கு வியாபாரி ஆறுமுகநயினார். உறுப்பினர்கள், கருவாட்டு மண்டி இசக்கியப்பனும் அடியேனும். நாங்கள் பேசுவதை எழுதி வைக்க கிளாடிஸ் டீச்சர்.

பூங்காவின் நடுவே ஒரு ரேடியோ அறை. அதன் தலையில் நான்கு ஒலிபெருக்கிக் குழாய். உள்ளே நாசரேத்துக்காரர் ஏசுவடியான். இரண்டு வருடமாக ‘தற்காலிக’ அறிவிப்பாளர். இரண்டு ரெக்கார்டு பெட்டிகளை அருகருகே வைத்து, ஒரு பாட்டின் வால் அடங்கும் முன் அடுத்ததன் தலையை ஒட்டிவிடுவார். நடுவில் மூச்சு விட இடமிருக்காது. துறைமுகத்திலிருந்து அறிவிப்பு வந்தால், மேளம் ஓட ஓட, அதன் மேல் ஏறி நின்று பேசுவார்:

“கப்பல் வந்தாச்சு, கோதுமை வந்தாச்சு,
கங்காணி மூக்குல கோவமும் வந்தாச்சு!
சோத்துச் சட்டிய மூடிட்டு வாலே,
சுமக்கத் தோளிருந்தா ஓடிட்டு வாலே!”

சுமை தூக்குகிறவர்கள் ஆடிக்கொண்டே வேலைக்குப் போனார்கள். இப்படிப்பட்ட ஒழுங்கீனத்தை ஒரு பொறுப்புள்ள கமிட்டி எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? பதவியை ‘நிரந்தரம்’ ஆக்குவது, அதற்கு நேர்முகத் தேர்வு நடத்துவது என்று தீர்மானித்தோம்.

ஏசுவடியானுக்கு அந்த நிரந்தரம் மிகவும் தேவைப்பட்டது. நாசரேத்தில் ஜெபசெல்வி என்று ஒரு பெண். “தட்டு சுத்துதவனுக்கெல்லாம் பொண்ணு கிடையாது. நிரந்தர உத்தரவக் கொண்டுட்டு வா, பேசுவோம்” என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார்.

போட்டிக்கு இன்னொரு விண்ணப்பமும் வந்திருந்தது. முப்பிடாதி. ரெக்கார்டின் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று தெரியாது. ஆனால், பல அரிய தகுதிகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, அவன் என் மனைவியின் தம்பி.

தேர்வு நாளன்று நல்ல காற்று. உப்பளத்துத் தூசி, தேர்வு நடந்த ரேடியோ அறைக்குள் கொட்டியது. பெட்டிகளின் மூடி எப்போதோ உடைந்துபோனதால், ஏசுவடியான் ஒரு பெரிய துண்டை விரித்து இரண்டையும் மூடியிருந்தார். துண்டுக்குள் கையை விட்டு ரெக்கார்டை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் இசக்கியப்பன் சும்மா நின்றார்.

இங்கே எங்கள் தொழில் மரபு ஒன்றைச் சொல்ல வேண்டும். முத்தோ சங்கோ, நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். பேசியதை வெளியே சொல்ல மாட்டோம். ஆகவே, துண்டுக்குள் ஒரு கை அசைவதைப் பார்த்தால் எந்த வியாபாரிக்கும் கை அரிக்கும்.

ஆறுமுகநயினாரின் முகம் சிவந்தது.

“ஏலே, யாருகிட்டல கை பேசுத?”

“ரெக்கார்டுகிட்ட, அண்ணாச்சி. பாட்டு தொடங்குத எடத்தத் தேடுதேன்.”

“யாருகிட்டக் கத உடுத? எதுத்தாப்புல கருவாடு நிக்கி, நீ ரெக்கார்டுகிட்டப் பேசுதியா?”

“நான் என்னவே செஞ்சேன்?” என்றார் இசக்கியப்பன்.

தலைவர் கையைத் துண்டுக்குள் விட்டார். தலைவர் கை போனதும், தன்னை விட்டுவிட்டு ஏதோ பேரம் படியப்போகிறது என்று இசக்கியப்பனும் விட்டார். இரண்டு கைகள் போன இடத்தில் மூன்றாவது போகாமலிருந்தால் என்னைப் பெற்றவர்கள் மன்னிப்பார்களா? நானும் விட்டேன்.

வ்ர்ர்க்! வ்ர்ர்க்! வ்ர்ர்க்-வ்ர்க்!

நான்கு குழாயும் அலறின. பூங்காவெங்கும் விசில்.

“அண்ணாச்சி, அங்கன எல்லாரும் ஆடுதாவ!” என்றார் ஜன்னலோரம் நின்ற கிளாடிஸ் டீச்சர். “கடலை விக்குதவரு கூட ஆடுதாரு!”

உள்ளே தலைவர் என் நடுவிரலை அழுத்த, நான் இசக்கியப்பனின் கட்டைவிரலை மடக்க, ரெக்கார்டு முன்னும் பின்னும் புரண்டது. ஏசுவடியான் அசரவில்லை. எங்கள் கைகளுக்கு அடியில் ஒரு கையால் ரெக்கார்டைத் தாளத்துக்கு இழுத்துப் பிடித்தார். மறு கையால் மைக்கை எடுத்து, “உப்புக் காத்து, ஒதுங்கி நில்லு” என்று ஆரம்பித்தார். கூட்டம் “ஓ” என்றது. அப்படி ஒரு ஒலிபரப்பை இந்த ஊர் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

கைகளை எடுத்தோம். மூவர் முகத்திலும் வியாபாரம் படிந்த அமைதி.

“எழுதுங்க டீச்சர். ஒருமனதாத் தீர்மானம்” என்றார் தலைவர்.

“எதை அண்ணாச்சி?”

“முப்பிடாதி நிரந்தரம்.”

“அவனா? அவன் இன்னிக்கு வரவேயில்லையே! எப்பப் பேசுனீங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலியே?”

“கேக்குத மாதிரி பேசுததுக்குத் துண்டு எதுக்கு?”

ஏசுவடியான் தலைவரைப் பார்த்தார். “அண்ணாச்சி, வெளிய ஊரே ஆடுது. நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒருத்தர் விரலக்கூடப் பிடிக்கலியே.”

“அதாம்லே நீ செஞ்ச தப்பு” என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு.

துண்டுக்குள் என்ன பேசினோம் என்பதை நான் சொல்ல மாட்டேன். தொழில் தர்மம். அடுத்த மாதம் பூங்காவுக்கு வெள்ளையடிக்கும் வேலை தலைவரின் மருமகனுக்குக் கிடைத்ததும், கடலைக்காரரைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் இசக்கியப்பனின் சகலை கடை போட்டதும் முற்றிலும் தற்செயல்.

ஏசுவடியான் சாயங்கால பஸ்ஸில் நாசரேத்துக்குப் போனார். மே மாதம் ஜெபசெல்விக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட குமாஸ்தா. நிரந்தரமானவர்.

முப்பிடாதி இன்றும் பணியில் இருக்கிறான். காலையில் ஒரு ரெக்கார்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். முள் ஒரே வரியில் சிக்கிக்கொண்டு, மத்தியானம் வரை அதையே சொல்லும். இப்போது யாரும் ஆடுவதில்லை. ஒழுங்கு நிலவுகிறது. ஏசுவடியான் விட்டுப்போன துண்டு மட்டும் ‘மன்றச் சொத்து’ எனப் பதிவாகி, எங்கள் கமிட்டி அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

பார்க்க வருகிறவர்களுக்கு நானே விளக்கம் சொல்வேன். “இந்தத் துண்டுக்குள் அன்று நான்கு கைகள் இருந்தன. அதில் வேலை செய்தது ஒன்று. அந்த ஒன்றைத்தான் நாங்கள் மூன்று பேரும் ஒருமனதாக வெளியே எடுத்தோம்.”