வில்கின்ஸ் லேனுக்கு வழி எது?

இங்கிலீஷ் படித்தவனுக்கு வழி கேட்க மட்டும் வாய் வராது. இது பொதுவான உண்மை. என் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் உண்மை.

பினாங்கில் ஒரே தெருவுக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருப்போம், சீனர்கள் ஒன்று, மலாய்க்காரர்கள் ஒன்று. முனிசிபல் பலகையில் மட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு துரையின் பெயர் இருக்கும். பெண் பார்க்கப் போன அன்று என் தாய்மாமா ஒழுங்காகத்தான் வழி சொன்னார். "ஜெலுத்தோங் ரோட்டுல நேரா போ. சுங்கை பினாங் ஆத்தத் தாண்டினதும் சாஞ்ச தென்னமரத்துச் சந்து."

"மாமா, அதுக்குப் பேரு வில்கின்ஸ் லேன். பலகையப் பாத்து வந்துருவேன்" என்றேன். (கப்பல் ஆபீஸ் கிளார்க் இப்படித்தான் பேசவேண்டும் என்று நினைப்பு.) மாமாவும் அத்தையும் ரிக்‌ஷாவில் ஏறினார்கள். நான் இரவல் சைக்கிளில். மாப்பிள்ளை ரிக்‌ஷாவில் ஒடுங்கி உட்கார்ந்து போனால் என்ன மரியாதை?

அந்தப் பெண்ணைத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் பார்த்திருக்கிறேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாகம் தீர்ந்த பிறகும் வரிசையில் போய்ப் போய் நின்றேன். கட்டினால் இவளைத்தான் என்று பித்துப் பிடித்து அலைந்தேன். அவள் அப்பாவோ, ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் பிறக்குமுன் படி ஏறாவிட்டால் அடுத்த வாரம் வரும் ஈப்போ மாப்பிள்ளைக்கே பேசி முடித்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜெலுத்தோங் ரோட்டில் வில்கின்ஸ் லேன் பலகை இல்லை. மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். ரோடா அது? குழிக்கு நடுவே கொஞ்சம் ரோடு. சாய்ந்த தென்னைமரத்தை ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். பார்த்தும் திரும்பவில்லை, பலகை சொல்லாமல் எப்படித் திரும்புவது?

அண்ணாந்து பலகை தேடிய வேகத்தில் முன்சக்கரம் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இறங்கினால் இறங்கியதுதான். இடது வலது கிடையாது, டிராம் போகும் ஊருக்குத்தான் நாமும் போகவேண்டும். பின்னால் டிராமே வந்து மணியடித்தது. ஓட்டியவர் நம் ஆள்.

"தம்பி, ஒதுங்குலா."

"முடியலண்ணே, மாட்டிக்கிச்சு."

"அப்ப வேகமாச்சும் போ. பின்னால ஆளுங்க ஏசுறாங்க."

டிராம் முழுக்கச் சிரிப்பு. பயந்து ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டினேன். சைக்கிள் ரோட்டோரம் கிடந்தது, நான் சாக்கடைக்குள் கிடந்தேன். சரியாகத் தென்னைமரத்துச் சந்தின் வாயில். தலைக்குமேல் சாக்கடையைக் கடக்க ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதன் அடிப்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது: வில்கின்ஸ் லேன்.

வீட்டு வாசலுக்கு ஓடினேன். மாமா படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். "ராகு காலம் பொறந்துருச்சு. ஆறு மணி வரைக்கும் அங்கனயே நில்லு."

நின்றேன். நான் பெண் பார்க்கப் போனேன். தெருவே மாப்பிள்ளை பார்த்தது. சீனக் கிழவி ஒருத்தி முக்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மானம் கப்பலேறியது. ஈப்போக்காரன் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது, பாவம், அவன் என்ன செய்தான்?

அப்போது அவளே ஜன்னல் பக்கம் வந்தாள். "படியேறத்தானே ராகு காலம், குளிக்க இல்லியே. கெணறு அந்தப் பக்கம் இருக்கு."

குளித்து, அவள் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கு உள்ளே போனேன். அவர் மகளைப் பார்த்தார். "இந்த ஆளையாம்மா கட்டிக்கப் போற? வழிகூடத் தெரியல."

"ஈப்போ மாப்பிள்ளைக்கும் வழி தெரியாதுப்பா. இவருக்கு இனிமே மறக்காது" என்றாள்.

கல்யாணம் ஆகி அதே சந்தில் வாடகைக்குக் குடிவந்தோம். போன மாதம் எங்கள் பெண்ணைப் பார்க்கத் தைப்பிங்கிலிருந்து வந்தார்கள். நேரத்தோடு வந்தார்கள்.

"வழி சிரமமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ரிக்‌ஷாக்காரன்கிட்ட மாப்பிள்ளை விழுந்த சந்துன்னோம், நேரா கொண்டாந்து விட்டுட்டான்" என்றார் பையனின் அப்பா. "யாருங்க அந்த மாப்பிள்ளை? உசுரோட இருக்காரா?"

என் மனைவி அவர் முன்னால் காப்பியை வைத்துவிட்டு, "இருக்காரு. உங்ககிட்டத்தான் பேசிக்கிட்டிருக்காரு" என்றாள்.