கழிக்க மறந்த அரை நிமிஷம்

அன்புத் தம்பி சிவெர்ட்டுக்கு,

அண்ணன் தூர்ஸ்டைன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நார்வேயில் பனியும் விறகும் நானும் சௌக்கியம். அவ்விடம் சுவீடனில் நீயும், உன் மனைவி மார்கரெத்தாவும், அவள் பக்கத்து உறவினர் யாவரும் நேற்றைய பந்தயத்துக்குப் பிறகு மனம் தேறி நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ என் மேஜையில் உட்கார்ந்து, என் வீட்டுப் பன்றி விலாக்கறியைத் தின்றுகொண்டே, நாற்பத்தோரு வயதில் யோருனுக்கு எதற்கு ஒலிம்பிக், மூணு பிள்ளை பெற்றவள் வீட்டில் உட்கார்ந்து காலுறை பின்னக் கூடாதா என்று கேட்டாய். அது என் மகள் காதில் விழுந்தது. இந்தப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் அந்த வயதில் யாரும் தங்கம் வாங்கியதில்லை என்பதும், இதை விட்டால் அவளுக்கு இன்னொரு ஒலிம்பிக் கிடையாது என்பதும் எங்களுக்குத் தெரியாதா? சரி, நான் பட்ட பாட்டைக் கேள்.

இந்தத் தடவை போட்டி நம் நாட்டிலேயே என்பதால் நானும் பக்கத்து வீட்டு ஓட்வாரும் முந்தின நாளே காட்டுக்குள் கூடாரம் அடித்துவிட்டோம். பாதி நார்வே அங்கேதான் இருந்தது; மரத்துக்கு மரம் அடுப்பு, காபி, சாசேஜ். கடைசி ஏற்றத்துக்கு முந்தின வளைவில் நின்று, எத்தனை வினாடி முன்னே, எத்தனை வினாடி பின்னே என்று மகளுக்குக் கத்திச் சொல்வது என் வேலை. மருமகன் போனில் சொல்லச் சொல்ல நான் கத்துவதாக ஏற்பாடு. அந்தப் பாழாய்ப்போன போன் குளிர்ல செத்துப்போச்சு. அக்குள்ல வெச்சுப் பாத்தேன், அடுப்புகிட்டக் காட்டினேன், ம்ஹும். சரி, கையில கடிகாரம் இருக்கேன்னு அதை நம்பினேன். முதல்ல உங்க ஊர்க்காரி வந்தா, அதான் உன் மச்சினன் வாசல்ல படம் ஒட்டி வெச்சிருக்கானே, அவ. கடிகாரத்தைத் தட்டினேன். சரியா இருபதாவது வினாடி என் பொண்ணு வந்தா, புருவமெல்லாம் பனி, வாயில எச்சி ஒழுகுது, பாத்தா பெத்த மனசு தாங்குமா. அவ கூடவே ஓடிக்கிட்டு, "இருபது வினாடி பின்னாடி இருக்கே, போடி போ"ன்னு அடித்தொண்டையில கத்தினேன். அவ திரும்பிக்கூடப் பாக்காம ஏற்றத்துல ஏறிட்டா. ஓட்வார் சாசேஜைப் புரட்டிக்கிட்டே, "கழிச்சியா?"ன்னான்.

எதைக் கழிக்கணும்னு கேட்டேன்.

"ஆளுக்கு ஆள் அரை நிமிஷம் விட்டுத்தானேப்பா கிளப்பறாங்க. சுவீடன்காரிக்கு அடுத்தவ உன் பொண்ணு. இருபது வினாடியில வந்துட்டான்னா, பத்து வினாடி முன்னாடி இல்ல இருக்கா."

ஜெயிச்சுக்கிட்டிருக்கிறவகிட்ட தோக்கறேன்னு சொல்லிட்டேனே, பதறி ஏறி, மூச்சு முட்டி, மேலே போய் விழுந்துட்டான்னா? தங்கத்தை நானே பிடுங்கி உங்க கையில குடுத்த மாதிரி ஆயிடுமே. குறுக்கே மலையேறி உண்மையைச் சொல்லிடலாம்னு சறுக்குக்கட்டை கூட இல்லாம ஓடினேன். நாலு எட்டு வெக்கலே, இடுப்பு வரைக்கும் புதைஞ்சுட்டேன். புதைஞ்சு நின்னபடியேதான் கூடாரத்து ரேடியோவைக் கேட்டேன்: யோருனுக்குத் தங்கம், இந்த வயசுல எவளும் வாங்காத தங்கம். காடு முழுக்க மணியடிச்சுக் கூத்தாடுது, நான் மட்டும் பனிக்குள்ள நின்னு அழறேன். என்னைத் தோண்டி எடுத்த ரெண்டு பேரும் சுவீடன்காரங்க. அவங்களைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தேன். சிவெர்ட், என் ஆயுசுல இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லடா.

ஆகவே, பின்தங்கிவிட்டோம் என்று பதறிப் பாய்ந்ததால்தான் இந்தச் சாதனை என்பது தெளிவு. இதை ரொட்டிக் கடையிலும், நேரில் வந்த பத்திரிகைக்காரரிடமும் சொல்லியாயிற்று. பதக்கத்தில் பாதி தகப்பனுடையது என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. நீ இன்றே அவளுக்குப் போன் போட்டு அந்தக் காலுறைப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்வாயாக.

மார்கரெத்தாவுக்கு என் அன்பு. உன் மச்சினனுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். சகல சம்பத்தும் பெற்று, தங்கம் மட்டும் இல்லாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சாதனையின் தகப்பன்,
தூர்ஸ்டைன்

பி.கு.: யோருன் இப்பத்தான் வந்தா. முதுகுக்குப் பின்னால நின்னு இதை முழுக்கப் படிச்சுட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. அவ சொன்னதை அப்படியே எழுதறேன், பத்திரிகைக்காரர் கண்ணுல படாம பாத்துக்கோ: "நான் சின்னப் புள்ளையா இருந்தப்போலேர்ந்து கத்தறீங்க, ஒரு நாளாவது அரை நிமிஷத்தைக் கழிச்சிருக்கீங்களாப்பா? இருபது பின்னாடின்னீங்க. சரி, பத்து முன்னாடி இருக்கோம்னு நிம்மதியா ஏறினேன். மத்தவங்க கணக்கு எப்போ தப்பும்னு தெரியாது. உங்களுது எப்பவும் ஒரே தப்பு, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."